ஆண்டுக்குப் பத்து நாள்

பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்டி முடித்தபின் குறிப்பிட்ட காலத்துக்கு ஆய்வு வேலை பார்ப்பவராகச் சேர்ந்தால், ஆண்டுக்குப் பத்து நாளாவது உங்கள் சொந்த வளர்ச்சிக்கென்று எடுத்துக்கொள்ளலாம். பிஐயின், அதாவது லேப்பை நடத்தும் பேராசிரியரின், பரிசோதனைக்கோ அவருடைய அடுத்த கிராண்டுக்கோ (ஆய்வு நிதிக்கோ) அல்ல, உங்களுக்கு. பயிற்சி வகுப்புக்குப் போகலாம், வேறொரு இடத்தில் நாலு நாள் இருந்து அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம், மூத்தவர் ஒருவரிடம் ஆலோசனை கேட்கலாம், ஃபெலோஷிப் விண்ணப்பம் எழுத உட்காரலாம். சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. 2019-ல் திருத்தி எழுதப்பட்ட ஆய்வாளர் மேம்பாட்டு உடன்பாட்டில் இது தெளிவாக இருக்கிறது. இங்கே எல்லோரும் அதைக் கன்கார்டட் என்பார்கள். 1996-ல் முதல் வடிவம் வந்தது, 2008-ல் அடுத்தது, இப்போது நடப்பில் இருப்பது மூன்றாவது. பெரும்பாலான ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன.

இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்படாத போஸ்ட்டாக்குகளை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அதிலும் நம் ஊரிலிருந்து வந்தவர்களே அதிகம். சிலர் இரண்டாவது கான்ட்ராக்ட்டில் இருப்பார்கள். "அப்படியா, எங்க லேப்ல யாரும் சொல்லலையே" என்பார்கள்.

நான் தமிழ்நாட்டில் வேதியியலில் பிஎச்டி முடித்து, இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காக இருந்து, அப்புறம் அங்கேயே ஆய்வாளர் மேம்பாட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள். பிஎச்டி மாணவர்களுக்கும் போஸ்ட்டாக்குகளுக்கும் பயிற்சி நடத்துவது, சிவி பார்த்துக் கொடுப்பது, மாதிரி இன்டர்வியூ வைப்பது, இதெல்லாம் என் வேலை. ஊருக்குப் போகும்போது "அப்படி ஒரு வேலை எதுக்கு? பிஎச்டி படிச்சவங்களுக்கு யாராவது சிவி எழுதச் சொல்லித் தரணுமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒருமுறையாவது நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

இந்த வேலை இங்கே உருவானது யாருடைய கருணையாலும் அல்ல, கஜானாவின் கவலையால். 2002 ஏப்ரலில் சர் கேரத் ராபர்ட்ஸ் ஓர் அறிக்கை கொடுத்தார். இயற்பியலாளர், ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். நாட்டுக்குப் போதுமான விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் கிடைக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லும்படி அவரிடம் கேட்டது அரசு. பிஎச்டி முடித்து வருகிறவர்களுக்குத் தங்கள் தலைப்பு தெரிகிறது, அதைத் தாண்டி ஒரு தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ வேண்டிய திறமைகளை யாரும் சொல்லித் தரவில்லை. போஸ்ட்டாக்குகளுக்கோ முன்னால் பாதையே தெரியவில்லை. இதுதான் அவர் கண்டது. பிஎச்டி மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரமாவது பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்தார். அரசு அதை ஏற்று ஆண்டுக்குச் சுமார் 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. பல்கலைக்கழகங்களில் அதற்கு 'ராபர்ட்ஸ் பணம்' என்றே பெயர். அந்தப் பணத்தில்தான் என்னுடையது போன்ற பிரிவுகள் முளைத்தன. 2011-ல் தனி ஒதுக்கீடு நின்றது. சில இடங்களில் பிரிவு சுருங்கியது, சில இடங்களில் பல்கலைக்கழகமே செலவை ஏற்றுக்கொண்டது. இப்போது மறுபடியும் இங்கே பணநெருக்கடி. பல பல்கலைக்கழகங்களில் ஆட்குறைப்பு நடக்கிறது. எங்களைப் போன்ற பிரிவுகளுக்கு அது நல்ல காலமல்ல.

2010-ல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி வெளியிட்ட ஓர் அறிக்கையில் ஒரு படம் உண்டு. அறிவியலில் பிஎச்டி முடித்தவர்கள் எங்கெங்கே போய்ச் சேருகிறார்கள் என்று காட்டும் படம். நூறு பேர் முடித்தால் 53 பேர் உடனேயே அறிவியல் உலகத்தை விட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆராய்ச்சிப் பணிக்கு வருகிறவர்கள் 3.5 பேர். பேராசிரியர் ஆகிறவர்கள் 0.45, அதாவது இருநூறு பேரில் ஒருவர்கூட இல்லை. இந்தப் படத்தை நான் முதல் வகுப்பிலேயே காட்டிவிடுவேன். மனம் உடைந்துபோவார்கள், கடைசி வருஷத்தில் காட்டலாமே என்று சில பேராசிரியர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. 24 வயதில் தெரிந்துகொண்டால் அது ஒரு தகவல், அவ்வளவுதான். அதையே 36 வயதில், மூன்றாவது கான்ட்ராக்ட் முடியும்போது, கையில் ஒரு குழந்தையோடு தெரிந்துகொள்வது கொடுமை.

இன்னொன்று. வேறு வேலைக்குப் போகும் அந்த 53 பேரை 'விட்டுப் போனவர்கள்' என்று பேசும் வழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. மருந்துக் கம்பெனியிலும், காப்புரிமை அலுவலகத்திலும், அரசுத் துறையிலும், பள்ளியிலும், பத்திரிகையிலும் அவர்கள் செய்யும் வேலை தோல்விக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு அல்ல. பெரும்பான்மையோர் போகும் வழியை மாற்றுவழி என்று சொல்வதை நாங்கள் எங்கள் பிரிவில் நிறுத்திவிட்டோம்.

சரி, சிவி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு தம்பி வந்தார். திருநெல்வேலிப் பக்கம், தாவர உயிரியல். "அக்கா, நாலு மாசத்துல கான்ட்ராக்ட் முடியுது. எங்கெங்கயோ அனுப்பிட்டேன், ஒருத்தரும் கூப்பிடல" என்றார். சிவி எட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமானவரா, பாஸ்போர்ட் எண். இங்கே இதில் எதையும் எழுதக் கூடாது. அடுத்த நான்கு பக்கம் கருத்தரங்குகள். அப்புறம் அவருக்குத் தெரிந்த கருவிகளின் பட்டியல். இதே எட்டுப் பக்கத்தை எல்லா வேலைக்கும் அனுப்பியிருந்தார்.

இந்த ஊரில் வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. விளம்பரத்தோடு ஒரு பட்டியல் வரும். இன்னின்ன தகுதிகள் கட்டாயம், இன்னின்னவை இருந்தால் நல்லது என்று வரிசையாக இருக்கும். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் விண்ணப்பக் கடிதத்தைப் படித்து, வரிக்கு வரி மதிப்பெண் போடுவார்கள். ஒரு வரிக்கு நீங்கள் பதிலே எழுதவில்லை என்றால் அங்கே பூஜ்யம். நேச்சர் போன்ற பெரிய ஆய்விதழில் கட்டுரை வந்திருந்தாலும் அந்தப் பூஜ்யத்தை அது நிரப்பாது.

ஒரு விதைக் கம்பெனியின் விளம்பரத்தை எடுத்து வைத்துக்கொண்டோம். வயல் சோதனைகளை ஒருங்கிணைக்கும் வேலை. ஒரு வரியில், பல தரப்பினரோடு சேர்ந்து வேலையை நடத்திய அனுபவம் வேண்டும் என்று இருந்தது. "அது எனக்கு இல்லக்கா" என்றார் உடனே. போன வாரம் திங்கள்கிழமை காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தார். பசுமைக் குடிலில் மேசை இடத்துக்கு ஓயாத சண்டை, அதனால் எல்லோரும் எழுதும்படி ஒரு அட்டவணை போட்டு வைத்திருக்கிறார். எந்த வாரம் எந்த மேசை யாருக்கு என்பது இப்போது அவர் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து விதை வரவழைக்க, பூச்சி நோய் இல்லை என்ற தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அதற்காக இரண்டு நாட்டு அதிகாரிகளோடு கடிதப் போக்குவரத்து நடத்தியிருக்கிறார். செடி வளர்ப்பு அறை பழுதானபோது பொறியாளரை வரவழைத்து, அதற்குள் மூன்று பேருடைய செடிகளை வேறிடத்துக்கு மாற்றியிருக்கிறார். எம்எஸ்சி மாணவர்கள் இருவருக்கு வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"இதெல்லாமா எழுதுறது? லேப்ல யாராவது செய்யணும், நான் செஞ்சேன்."

அவர் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே நான் எழுதிக்கொண்டிருந்தேன். காகிதத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். விளம்பரத்தின் கட்டாயத் தகுதிகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருந்தது. சிவி இரண்டு பக்கமானது. அந்த வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள், ஆனால் வேறொருவரை எடுத்தார்கள். அடுத்து விண்ணப்பித்த ஒரு வேலை கிடைத்தது.

நம் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். தான் செய்ததைச் சொல்வது தற்பெருமை என்று வளர்ந்திருக்கிறோம். லேப்பில் எல்லாம் சாரின் வேலை, அல்லது எல்லோருடைய வேலை. மாதிரி இன்டர்வியூவில் "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் "வீ" (நாங்கள்) என்றே ஆரம்பிப்பார்கள். எதிரே இருப்பவருக்கு அது அடக்கமாகக் கேட்காது, இவர் எதையும் தனியாகச் செய்ததில்லை போலிருக்கிறது என்றே படும். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் யாரோ ஒருவருடைய வேலையாக இருக்க வேண்டும்.

பிஎச்டி மாணவர்களுக்கு இதையே வேறு விதமாகப் பழக்குகிறோம். மூன்று நிமிடத்தில், ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு, தன் ஆய்வைத் துறைக்கு வெளியே உள்ளவருக்குப் புரியும்படி சொல்லும் போட்டி. இது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008-ல் தொடங்கியது. அப்போது அங்கே கடும் வறட்சி. தண்ணீரை மிச்சப்படுத்த மூன்று நிமிடத்துக்குள் குளித்து முடிக்கச் சொல்லி, வீடுகளில் குளியலறைச் சுவரில் மூன்று நிமிட மணற்கடிகாரம் மாட்டியிருந்தார்கள். ஆராய்ச்சி மாணவர் பிரிவின் தலைவராக இருந்த ஆலன் லாசனுக்கு அதிலிருந்துதான் யோசனை வந்தது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. இந்தப் போட்டியில் கலந்துகொண்ட பிறகு தன் ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையையே மாற்றி எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

பயிற்சிகளைவிட முக்கியம் என்று நான் நினைப்பது கான்ட்ராக்ட் பற்றிய அறிவு. இதைத் தமிழில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிரிட்டனில் குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தம் முடிந்து அது புதுப்பிக்கப்படவில்லை என்றால், சட்டத்தின் பார்வையில் அதுவும் பணிநீக்கமே. அதனால் உங்களுக்குச் சில உரிமைகள் வந்துவிடுகின்றன. கிராண்ட் தீர்ந்து அந்த வேலையே இல்லாமல் போனதால்தான் புதுப்பிக்கவில்லை என்றால், தொடர்ந்து இரண்டு ஆண்டு வேலை பார்த்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு உண்டு. முடிவதற்கு முன் உங்களை அழைத்துப் பேச வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் மறுபணியமர்த்தல் பட்டியல் என்று ஒன்று இருக்கும். அதில் பெயர் இருந்தால் உள்ளே காலியாகும் இடங்களுக்கு உங்களை முதலில் பார்ப்பார்கள். 2002-ல் வந்த விதிகளின்படி, தொடர் ஒப்பந்தங்களில் நான்கு ஆண்டைத் தாண்டிவிட்டால், பல்கலைக்கழகம் தக்க காரணம் காட்டாதவரை, நீங்கள் நிரந்தரப் பணியாளர். கிராண்ட் தீர்ந்தால் அப்போதும் வேலை போகலாம், ஆனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

மறுபணியமர்த்தல் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்காமலேயே ஊருக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் பிஐ வருத்தப்படுவாரோ, பரிந்துரைக் கடிதம் கெட்டுவிடுமோ என்ற பயம். நம்மவர்களுக்கு இதோடு விசாவும் சேர்ந்துகொள்கிறது. முதலாளியின் ஆதரவில் நிற்கும் விசாவில் வேலை முடிந்தால், உள்துறையிலிருந்து கடிதம் வந்த பிறகு பொதுவாக 60 நாள்தான் அவகாசம். வாடகை வீடு, பிள்ளையின் பள்ளி எல்லாம் அந்த 60 நாளுக்குள். குளோபல் டேலன்ட் விசா எந்த ஒரு முதலாளியோடும் கட்டப்பட்டதல்ல. ஆய்வாளர்கள் பலருக்கு அது கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் கான்ட்ராக்ட் முடியும் மாதத்தில் அதை யோசிப்பது தாமதம். விசா விஷயத்தில் ஆலோசனை சொல்ல எனக்குச் சட்டப்படி அனுமதி கிடையாது. அதற்குத் தகுதி பெற்றவர்கள் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் முதல் ஆண்டிலேயே போங்கள் என்று மட்டும் சொல்வேன்.

இப்போது அந்தப் பத்து நாளுக்கு வருவோம். அது ஏன் காகிதத்திலேயே கிடக்கிறது? உள்ளதைச் சொன்னால், பிஐயே முன்வந்து கேட்காவிட்டால் அது நடப்பதில்லை. போஸ்ட்டாக் வந்து "எனக்கு அடுத்த வாரம் இரண்டு நாள் பயிற்சி" என்று சொல்ல வேண்டும். "இந்த மாசம் வேண்டாம், பேப்பர் திருத்தம் இருக்கிறது" என்பார் பிஐ. அடுத்த மாதம் வேறொன்று இருக்கும். அவரைக் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. அவருக்கும் கிராண்ட் முடியும் தேதி இருக்கிறது, அவருடைய பதவி உயர்வைத் தீர்மானிப்பது கட்டுரைகளே. தன் போஸ்ட்டாக்குகள் பிற்பாடு எங்கே போனார்கள் என்று அவரை யாரும் கேட்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வாளரோடு உட்கார்ந்து எதிர்காலத்தைப் பற்றிப் பேச வேண்டியது பிஐயின் பொறுப்பு என்று கன்கார்டட் சொல்கிறது. அதைச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓர் அம்மா, எங்கள் உயிரியல் துறையில். ஜனவரி முதல் வாரத்திலேயே லேப் காலண்டரில் ஒவ்வொருவருடைய பத்து நாளையும் அவரே குறிக்கச் சொல்லிவிடுவார். குறிக்காதவரைக் கூப்பிட்டுக் கேட்பார். அவருடைய லேப்பில் இருந்து போனவர்கள் இன்று எங்கெங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவராகச் சொல்வார். அங்கே போஸ்ட்டாக் வேலை காலியானால் விண்ணப்பம் குவிகிறது. அந்த லேப்பின் கட்டுரைகள் குறைந்துவிடவும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்தும் ஸ்காலர்கள், அதாவது பிஎச்டி மாணவர்கள், எனக்கு எழுதுகிறார்கள். பெரும்பாலும் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுத்த பிறகு அல்லது வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த பிறகு. "மேடம், அடுத்து என்ன பண்றதுன்னு தெரியல." மாத ஆய்வு உதவித்தொகை, ஜேஆர்எஃப் என்ற முதல் கட்டத்தில் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் என்ற அடுத்த கட்டத்தில் 42,000 ரூபாய் என்று 2023 ஜனவரியிலிருந்து உயர்ந்தது நல்ல விஷயம். ஆனால் அந்தப் பணம் ஐந்து ஆண்டில் நின்றுவிடும். நின்ற மாதத்தில்தான் அவர்கள் முதன்முறையாகச் சுற்றிப் பார்க்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் அமைப்பு பிஎச்டி மாணவரைப் பற்றி வைத்திருக்கும் ஒரே எதிர்பார்ப்பு அவர் ஆசிரியர் ஆவார் என்பது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2022 பிஎச்டி விதிகளைப் படித்தால் இது தெரியும். ஸ்காலர்கள் எல்லோரும் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும், வாரத்துக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் உதவியாளர் வேலை தரலாம் என்கிறது. நல்ல விதிதான். ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழுவின் முன் போய் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். நாம் டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங் என்று சொல்வதுதான். அந்தக் குழு பார்ப்பது தலைப்பு, ஆய்வு முறை, எடுக்க வேண்டிய பாடம், அறிக்கை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் முடித்தபின் எப்படிப் பிழைப்பார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆசிரியரானவர்களுக்கு நம் நாட்டில் பயிற்சி மையங்கள் 1980களின் கடைசியிலிருந்தே இருக்கின்றன. அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று தொடங்கி, இப்போது மாளவியா மிஷன் என்ற பெயரில் நடக்கின்றன. பதவி உயர்வுக்குப் புத்தொளிப் பயிற்சி வேண்டும் என்பதால் எல்லோரும் போகிறார்கள். இளங்கலை மாணவர்களுக்கு 2022-லிருந்து நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. நடுவில் இருக்கும் ஸ்காலருக்குத்தான் கைடு (ஆய்வு நெறியாளர்) ஒருவரைத் தவிர வேறு கதவு இல்லை.

அந்த ஆசிரியர் வேலையும் நிச்சயமில்லை. 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் ஆக நெட், செட், ஸ்லெட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சிதான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்டி கட்டாயமில்லை. அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுக்கணக்கில் இருக்கும் பிஎச்டி பெற்றவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். அதே நேரம் வேறு கதவுகள் திறக்கும்போது நம் ஸ்காலர்களுக்குத் தகவல் போய்ச் சேருவதில்லை. 2023-ல் மத்திய அரசு காப்புரிமை ஆய்வாளர் (பேட்டன்ட் எக்ஸாமினர்) பணிக்கு 553 இடங்களை அறிவித்தது. ஒரு கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா என்று பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து முடிவுசெய்யும் வேலை. ஐந்து ஆண்டு பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பதில் ஊறிய ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை அரிது. அடிப்படைச் சம்பளமே மாதம் 56,100 ரூபாய். ஆனால் பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 35. எம்எஸ்சி, எம்ஃபில், நடுவில் ஒரு தனியார் கல்லூரி வேலை, அப்புறம் பிஎச்டி என்று வருகிற நம் ஸ்காலர் பலர் வைவா முடிக்கும்போது அந்த வயதைத் தொட்டிருப்பார்கள். இரண்டாம் ஆண்டிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் கதை வேறு.

இதற்குப் பெரிய திட்டமோ கோடிகளோ முதலில் வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த கைடுகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். இரண்டாம் ஆண்டின் டிசி மீட்டிங்கில் கடைசி இருபது நிமிடம் கைடு வெளியே போய்விட வேண்டும். குழுவில் இருக்கும் வெளி ஆள் ஸ்காலரிடம் தனியாகப் பேசட்டும். முடித்த பிறகு என்ன செய்ய நினைக்கிறாய், அதற்கு இப்போது என்ன குறைகிறது, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கட்டும். கைடு எதிரே இருக்கும்போது "நான் கம்பெனிக்குப் போகணும் சார்" என்று சொல்ல நம் ஊரில் எந்த மாணவருக்கும் தைரியம் வராது. அது மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். பழைய மாணவர்களின் தொலைபேசி எண்கள் துறையில் ஒரு நோட்டில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

என்னோடு பிஎச்டி படித்த தோழி ஒருத்தி இப்போது கைடாக இருக்கிறாள். இந்த யோசனையைச் சொன்னபோது, "நான் வெளிய போனா என்னப் பத்திக் குறை சொல்வாங்கடி" என்று முதலில் தயங்கினாள். போன செமஸ்டரில் செய்து பார்த்தாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு அந்த மாணவியே அவளிடம் வந்து, "மேடம், பேட்டன்ட் எக்ஸாமினர் பரீட்சைக்குப் படிக்கலாமான்னு யோசிக்கிறேன், தீசிஸ் தள்ளிப் போகாது" என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு வயது 27. போன முறை நடந்த பரீட்சையின் பாடத்திட்டத்தைத் தேடி எடுத்து நேற்று அனுப்பி வைத்தேன்.